காத்தமுத்து அண்ணனின் 'ஆரியா'

பழனி போன் செய்தபோது நான் குன்னூர் மார்க்கெட்டில் கேரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பழனி சாதாரணமாகப் பேசினாலே போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அவன் குரலே எழும்பவில்லை. "டீமேக்கரய்யா, அண்ணன் போயிட்டாருங்க" என்றான். எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. பழனிக்கு உலகத்தில் ஒரே அண்ணன்தான். "விடியக்காலம் தூக்கத்துலயேங்க. சீக்கிரம் வந்துருங்க, மழ வேற புடிச்சுக்கும்போல இருக்குது" என்றான். கேரட்டை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்து, "ஏனுங்க, கொறச்சே தர்றனுங்க, வாங்க" என்று கடைக்காரம்மா பின்னாலேயே கூப்பிட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள், ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் கோத்தகிரி ரோட்டில் பஸ் திடீரென்று நின்றிருக்கும். 'கீழ மெஷின் எறங்குதுங்க, கொஞ்சம் பொறுங்க' என்று கண்டக்டர் சொல்லியிருப்பார். எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாத பனிமூட்டத்துக்குள்ளிருந்து 'ஆ... ரியா' என்று நீளமாக ஒரு குரல் வந்திருக்கும். அதுதான் காத்தமுத்து அண்ணன்.

எங்கள் பக்கத்து டீ ஃபேக்டரிகள் பெரும்பாலும் ஓடையோரம், பள்ளத்தில் இருக்கின்றன. ரோடு மேலே. பெரிய கிரேன் லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. அப்படியே திரும்பினாலும் செடிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் அது என்ன செய்யும்? அதனால் ரோலர் வந்தாலும் டிரையர் வந்தாலும் ரோட்டோரம் வைத்து, சரிவில் கயிறு கட்டித்தான் கீழே விட வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் பக்கத்தில் பெயர் போன கேங்கு அண்ணனுடையது. எட்டுப் பேர் கயிறு பிடிப்பார்கள். அண்ணன் பிடிக்க மாட்டார். அவர் சொல்வார், அவர்கள் விடுவார்கள்.

நான் ஃபேக்டரியில் டீமேக்கராகச் சேர்ந்த புதிதில் ஒரு ரோலர் வந்தது. இலையை உருட்டிப் பிசைகிற மெஷின், ஒரு சின்ன யானை கனம். மேலே ஒரு சில்வர் ஓக் மரத்தில் கயிற்றை நாலு சுற்று சுற்றி, அதன் வாலை எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டு சாய்ந்து நின்றார்கள். அண்ணன் அவர்களைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, இறங்குகிற சாமானையே பார்த்துக்கொண்டு நின்றார். 'ஆ... ரியா' என்று இழுத்தால் கயிறும் குரலைப் போலவே நீளமாக நழுவியது. 'ஆரியா, ஆரியா' என்று வெட்டி வெட்டிச் சொன்னால் அங்குலம் அங்குலமாகப் போனது. நடுவில் அவர் சும்மா இருந்தார். கயிறு நின்றுவிட்டது.

வேலை முடிந்ததும் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நிறுத்துவதற்கு என்ன சொல் என்று கேட்டேன். அவர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். 'டீ' என்று ஒருநாளும் சொன்னதில்லை, தேத்தண்ணிதான். கூடவே இருந்து எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

"நிறுத்துறதுக்கு வார்த்த கெடையாதுங்க. நான் பேசாட்டி நிறுத்தணும்" என்றார்.

"அது எப்படிங்க? நிறுத்துன்னு ஒரு சத்தம் போட்டா ஆச்சுல்ல?"

"இந்தப் பனியில சத்தம் எங்கயோ போயி எங்கயோ கேக்கும். நான் நிறுத்துங்கிறது அவனுக்கு விடுன்னு கேட்டா என்னா ஆகும்? பேசாம இருக்கிறத யாரும் தப்பாக் கேக்க ஏலாது."

நான் அந்த வாரம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் எல்லாரும் நிறுத்துவதற்குத்தான் கத்துகிறோம். விடுவதற்கு ஒரு சொல்லும், பிடித்துக்கொள்வதற்கு மௌனமும் என்று வைத்துக்கொண்ட ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த கேங்கில் இன்னொரு சட்டமும் உண்டு. சாமான் தரையைத் தொட்டுவிட்டது என்று எல்லாருக்கும் கண்ணால் தெரிந்தாலும் யாரும் கயிற்றைக் கீழே வைக்கக் கூடாது. அண்ணன் சரிவில் இறங்கிப் போவார். சாமான் மேல் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒரு தட்டு தட்டுவார். பிறகு "சேந்துச்சு" என்பார். அதற்கப்புறம்தான் எட்டுப் பேரும் கையை உதறுவார்கள். 'தூக்கும்போது சாமான் நம்மளோட சண்ட போடும், அதனால உஷாரா இருப்போம். எறக்கும்போது நம்ம பக்கம் சேந்துக்கும். அதுதான் பயம்' என்பது அவர் கணக்கு.

ஒரு தடவை புதிதாக வந்த மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. இலை வந்து குவிகிறது, டிரையர் பாதிச் சரிவில் தொங்குகிறது, அண்ணன் பேசாமல் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேனேஜர் தானே வாயில் கை குவித்து, "ஆரியா!" என்று ஒரு கத்துக் கத்தினார். எட்டுப் பேரில் ஒருவர் விரல்கூட அசையவில்லை. மறுபடியும் கத்தினார். அசையவில்லை. அண்ணன் மெதுவாகத் திரும்பி, "தொர, நீங்க நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா அவனுங்களுக்கு ஒங்க கொரல் பழக்கமில்ல" என்றார். மேனேஜர் ஆபீஸுக்குள் போய்விட்டார். டிரையரின் கீழே ஒரு பாறை பெயர்ந்துகொண்டிருந்ததை அண்ணன் பார்த்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு நாள் நடுவேலையில் குளவி ஒன்று அவர் உதட்டில் கொட்டிவிட்டது. உதடு வீங்கி, வாய் திறக்க முடியவில்லை. அவர் பேசவில்லை, கயிறு நின்றது. சட்டம் சட்டம்தானே. கயிறு பிடித்த எட்டுப் பேரில் பழனியும் உண்டு, அப்போது அவனுக்குச் சின்ன வயது. "அண்ணே, கை கழண்டுக்கும்போல இருக்குதுண்ணே" என்று அழாக்குறையாகச் சொன்னான். ஆனால் விடவில்லை. கடைசியில் அண்ணன் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, ஒரு பக்க வாயால் 'ஆயியா' என்று ஏதோ குழறினார். அந்தக் குழறலுக்கு ரோலர் பத்திரமாக இறங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் குடியிருந்த லயத்தில் சிரித்த சிரிப்பு ஃபேக்டரி வரை கேட்டது.

எனக்குச் சொற்கள் மேல் ஒரு பைத்தியம் உண்டு. டீமேக்கருக்கு அது தேவையில்லாத வியாதி என்று என் வீட்டுக்காரி சொல்வாள். இந்த 'ஆரியா' என்னை விடவில்லை. நம் ஊர் மேடைகளில் அடிபடுகிற அந்தச் சொல்லுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது கப்பல் சொல். அண்ணன் அதைக் கொழும்பு ஹார்பரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவர். தோட்டத்தில் வேலை இல்லாமல் போனபோது கொஞ்ச காலம் அங்கே போய், கப்பலின் வயிற்றுக்குள் பெட்டி இறக்குகிற வேலை செய்திருக்கிறார். "எங்க தோட்டத்துத் தேயிலயத்தாங்க எறக்குனேன். ஆத்தா பறிச்சது, மகன் கப்பல்ல போட்டது" என்று சிரிப்பார். கப்பல்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் சொல்லாம். பாயை இறக்கினாலும் ஆரியா, படகை இறக்கினாலும் ஆரியா. பெயின்ட் அடிக்கப் பலகையில் உட்கார்ந்த ஆளைக் கப்பலின் பக்கவாட்டில் இறக்கினாலும் ஆரியா.

நான் கையில் கிடைத்த அகராதிகளில் எல்லாம் தேடினேன். நான் தேடிய அர்த்தத்தோடு கிடைக்கவில்லை. கூடலூர்ப் பக்கம் மரம் ஏற்றுகிற மலையாளத்துக் கலாசி ஒருவர், எங்க ஆட்களும் அதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்றார். வெலிங்டனில் குடியிருந்த பழைய கடற்படைக்காரர் ஒருவர், போர்த்துகீசியர் காலத்தில் மாலுமிகள் வாயில் ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும் என்றார். தூக்குவதற்கு அவர்கள் சொல்கிற சொல் 'அபேஸ்' மாதிரி ஒன்று. ஊருக்குள் திருட்டுக்குச் சொல்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரியாது. ஒன்றென்றால், தூக்குகிற சொல் திருடனோடு போய்விட்டது, இறக்குகிற சொல் மட்டும் எங்கும் போகாமல் கயிற்றோடேயே கிடக்கிறது. இதையெல்லாம் நான் பெருமையாக அண்ணனிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எவன் விட்டுட்டுப் போனா என்னாங்க, நாம புடிச்சுக்கிட்டோம்ல" என்றார். அத்தோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. "'இறக்கு'ன்னு நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது இது எதுக்குங்க?" என்று மடக்கிப் பார்த்தேன்.

"எறக்குன்னு சொன்னா எறக்கிப் போட்டுட்டுப் போயிருவான். விடுன்னா ஒரேயடியா விட்டுருவான். ஆரியான்னா, விடு, ஆனா கையில வச்சுக்கிட்டே விடு. வெளங்குதா?"

விளங்கியது. கையில் வைத்துக்கொண்டே விடுவது என்பதை ஒரே சொல்லில் சொல்ல நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அவர் தன் கதையை உட்கார்ந்து சொல்கிற ஆள் இல்லை. கப்பலேறி வந்ததைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். காந்தலில் ஒரு வீட்டுக்கு பீரோ இறக்கப் போயிருந்தோம். அது ஓர் உபகார வேலை. வேறு யாரோ ஆட்கள் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு தையல் மெஷினைத் தொப்பென்று போட்டார்கள். அண்ணன் முகம் மாறிவிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, அவர் அம்மாவின் தையல் மெஷினை அப்படித்தான் போட்டார்களாம். "எவ்வளவோ சனம், எவ்வளவோ பொட்டி. ஒருத்தனாவது ஆரியான்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன். கப்பல்தானே அது? கப்பல்லயே சொல்லலீங்க" என்றார். மெஷினின் கழுத்து உடைந்துவிட்டது. அவர் அம்மா அதை அங்கேயே விட்டுவிட்டு வராமல், உடைந்ததையே மலை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பேசி முடித்துவிட்டு அண்ணன் போய் அந்த வேறு ஆட்களின் வண்டியில் இருந்த பீரோவையும் இறக்கிக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார்.

அண்ணன் மகள் திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று நானும் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். அண்ணன் சம்சாரம் செல்லம்மா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கண்டக்டர், "அக்கா, கைய எடுங்க" என்கிறார். அண்ணன் பக்கத்தில் போய் நின்று, அவர் காதோரம் மெல்ல, "ஆரியா, செல்லம்மா... ஆரியா" என்றார். செல்லம்மா பஸ்ஸோடு கூடவே நாலைந்து அடி நடந்து, ஒவ்வொரு விரலாக விட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது, "விட்டுருன்னு சொல்லியிருந்தா நான் விட்டுருக்க மாட்டேங்கய்யா" என்று என்னிடம் சொன்னார். அந்த அம்மாளைப் பற்றி இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்கு முதலில் சளி என்றார்கள். பிறகு தொண்டைக் கட்டு என்றார்கள். கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், குரலைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வந்த அண்ணன் பேசினால் காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் வார்த்தை கேட்கும், எட்டி நின்றால் ஒன்றும் இல்லை. இது என்ன மாதிரி அடி என்று யோசித்துப் பாருங்கள். அவர் பேசாவிட்டால் கயிறு நிற்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அவர் குரல் போனதோடு எட்டுக் குடும்பத்தின் வேலையும் நின்றது. விசில் அடித்துப் பார்த்தார்கள். மலையில் எவன் வேண்டுமானாலும் விசில் அடிக்கிறான். சிவப்புத் துணி ஆட்டிப் பார்த்தார்கள். பனி இறங்கினால் துணியும் இல்லை, ஆளும் இல்லை.

இனி சொல்வது பழனிதான் என்று எல்லாரும் நினைத்தோம். பழனியே நினைத்திருந்தான். குளித்து முடித்துத் திருநீறெல்லாம் பூசிக்கொண்டுதான் அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தான். அண்ணன் செல்லம்மாவைக் கைகாட்டினார்.

பழனிக்கு முகம் செத்துவிட்டது. "அண்ணே, அக்காவ நான் கொற சொல்லுலீங்க. ஆனா பொம்பள கொரலுக்குக் கயிறு விட்டதில்லீங்களே" என்றான்.

அண்ணன் அவனைக் கிட்டே கூப்பிட்டு, காதில் காற்றாகச் சொன்னார். அவன் எங்களுக்குத் திருப்பிச் சொல்லும்போது அவனுக்கே பிடிக்கவில்லை. "நீ கயிறு புடிக்கிறவன், கயித்தத்தான் பாப்ப. சாமானப் பாக்க மாட்ட, அப்படீங்கிறாருங்க. அக்கா முப்பது வருசமா சரிவுல நின்னு கொழுந்து பறிக்குது, பனியில அந்த மலையிலருந்து இந்த மலைக்கு ஆளக் கூப்புடற கொரலுங்கிறாருங்க."

செல்லம்மா அடுப்படியிலிருந்து, "எனக்கென்னா தலையெழுத்தா, இவனுங்ககிட்ட கத்துறதுக்கு" என்றார். ஆனால் மறுநாள் போனார்.

முதல் வேலை, நான் ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொண்டிருந்த ஒரு சின்ன ஃபேக்டரிக்குத்தான். நல்ல பனி. அண்ணனும் செல்லம்மாவும் அருகருகே சாமானைப் பார்த்து நின்றார்கள். அண்ணன் சம்சாரத்தின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருந்தார், நாடி பார்ப்பதுபோல. அவர் அழுத்தினால் செல்லம்மா 'ஆரியா' என்பார். விரல் எடுத்தால் மௌனம். அந்தக் குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் இருந்தது. ஆனால் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. முதல் சொல்லுக்குக் கயிறு அசையவில்லை. மற்ற ஏழு பேரும் பழனியைப் பார்த்தார்கள். பழனி அண்ணனின் விரலைப் பார்த்தான். இரண்டாவது சொல்லுக்குக் கயிறு போனது. மெஷின் தரையைத் தொட்டதும் செல்லம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையை உயர்த்தித் தடுத்தார். தானே சரிவில் தட்டுத் தடுமாறி இறங்கிப் போய், உள்ளங்கையை வைத்துத் தட்டி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து 'சேந்துச்சு' என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

அப்புறம் பல வேலைகள் அப்படி நடந்தன. பழனி முணுமுணுப்பதை நிறுத்தினான். ஆனால் கேட்டால், "சொல்றது அண்ணந்தாங்க. அக்கா வாய் மட்டுந்தான்" என்பான். அண்ணனுக்கு இது தெரியும். போன மாதம் நான் பார்க்கப் போயிருந்தபோது படுக்கையோடு இருந்தார். செல்லம்மா தேத்தண்ணி வைக்க உள்ளே போனதும் என் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே வைத்துக்கொண்டார். "நான் இல்லாட்டியும் இவ சொன்னா விடுவானுங்களா?" என்றார். விடுவார்கள் என்று நான் சொன்னேன். எனக்கு நிச்சயமில்லை. அவருக்கும் நான் சும்மா சொல்கிறேன் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை ஆரம்பித்துவிட்டது. எங்கள் எஸ்டேட் சுடுகாட்டுக்கு அந்தப் பெயர்தானே தவிர, பெரும்பாலும் புதைப்பதுதான் வழக்கம். அது லயங்களுக்குக் கீழே, சரியான இறக்கத்தில் இருக்கிறது. நடைபாதை முடிகிற இடத்திலிருந்து குழி வரைக்கும் சேறு வழுக்கியது. பாடையைத் தோளில் வைத்து இறக்க ஆரம்பித்தவர்களில் முன்னால் போன இரண்டு பேர் விழப் பார்த்தார்கள். பழனி, "நிறுத்துங்க. அண்ணன இப்படி எறக்க வேண்டாம்" என்றான். கயிற்றைக் கொண்டுவரச் சொன்னான். பாடையைக் கட்டி, மேலே நின்ற சில்வர் ஓக்கில் நாலு சுற்று சுற்றினார்கள். ஒருவன் பாடை சாயாமல் பார்த்துக்கொள்ளக் கூடவே கீழே போக வேண்டியிருந்ததால் கயிற்றில் ஓர் ஆள் இடம் காலியானது. பழனி என்னைப் பார்த்து, "நீங்க புடிங்க" என்றான். அத்தனை வருடப் பழக்கத்தில் அண்ணன் என்னைக் கயிற்றைத் தொட விட்டதில்லை. 'டீமேக்கர் கைக்கு எலதான் லாயக்கு' என்பார். நான் பிடித்தேன்.

எட்டுப் பேரும் சாய்ந்து நின்றோம். யாரும் விடவில்லை. கீழே நின்ற சொந்தக்காரர்கள், "விடுங்கப்பா, மழ வருது" என்றார்கள். யாரும் விடவில்லை. பெரியவர் ஒருவர் கோபமாக, "என்னடா வேடிக்க இது, விடுங்கடா" என்று சத்தம் போட்டார். பழனியின் கன்னத்தில் மழையா கண்ணீரா தெரியவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கை இறுகித்தான் இருந்தது. அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர்களால் விட முடியவில்லை. அண்ணன் பேசவில்லை. அண்ணன் பேசாவிட்டால் கயிறு நிற்க வேண்டும்.

பெண்கள் சுடுகாட்டுக்குள் வருவதில்லை. மேலே வளைவோடு நின்றுவிடுவார்கள். செல்லம்மா அங்கே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். பனி மூடிக்கொண்டதால் ஆள் தெரியவில்லை. அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆ... ரியா."

அதில் அழுகை இல்லை. வேலைக்குச் சொல்கிற அதே குரல்தான். பழனி திரும்பிப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் வைக்க விரல் இல்லை, அவனுக்கு அது தெரியும். அவன் விட்டான். எட்டுப் பேர் கையிலும் கயிறு சேர்ந்தாற்போல நழுவியது. "ஆரியா. ஆரியா." சரிவில் பாறை துருத்தி நின்ற இடம் அந்த அம்மாளுக்குப் பனியிலும் தெரிந்திருந்தது; அங்கே குரல் நின்றது, கயிறும் நின்றது. மறுபடி வந்தது, மறுபடி போனது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் அண்ணே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

பாடை குழிக்குள் இறங்கித் தரையைத் தொட்டது. கயிறு தளர்ந்தது எங்கள் எல்லார் கைக்கும் தெரிந்தது. மேலிருந்து இன்னொரு சொல் வரும் என்று நின்றோம். வரவில்லை. நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் பழனி தன் பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு வளைவுக்கு ஏறிப் போனான். திரும்பி வந்தபோது யாரையும் பார்க்காமல், "அக்கா சொல்ல மாட்டேங்குதுங்க" என்றான்.

"ஏனாம்?"

"அத அவரே சொல்லட்டும்ங்குது."

அதற்கு மேல் என்ன செய்ய? பெரியவர் திட்டத்தான் செய்தார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. பழனி ஒரு கொடுவாளை வாங்கிக் குழியின் விளிம்பில் கயிற்றை வெட்டினான். பாடையோடு இருந்தது பாடையோடு போனது. எங்கள் கையில் இருந்ததையும், ஒருவரும் கீழே வைக்காதபடி, பிடித்தபடியே துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தான். பிறகு மண் தள்ளினோம், ஒரு கையால்.

போன வாரம் அந்த கேங்கு ஒரு புது டிரையர் இறக்கியது. 'ஆரியா' சொன்னது செல்லம்மாதான். தரையைத் தொட்டதும் அவரே இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்து, 'சேந்துச்சு' என்றாராம். பழனி போனில் சொன்னான், பழைய குரலில், காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் கேட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. மெஷினுக்கு அவர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சுடுகாட்டில் நின்ற எங்களுக்கு மட்டும் அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

என்னிடம் அண்ணன் படம் இல்லை. படம் எடுக்க நின்றால் முதுகைக் காட்டுகிற ஆள் அவர். இருப்பது ஒரு முழம் கயிறு. சேறு காய்ந்து, என் மேஜை மேல், இதை எழுதுகிற காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எடுத்து உள்ளே வையுங்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எழுதாத நேரத்தில் இடது கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொள்கிறது. சேர்ந்ததாக அவர் சொல்கிறவரை கயிற்றைக் கீழே வைக்கக் கூடாது என்பது சட்டம். நான் வைக்கவில்லை, அண்ணே.